ஏழாம் நம்பர் பெட்டி

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ராகினியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஆந்த மிஸ் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். காலைப் பெரட்டில் ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது அவள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவாள். பக்கவாட்டில் மடக்கு ஏணி கட்டியிருக்கும். தலையில் ஆபிஸ் ஸ்டாப்புகள் மட்டும் போடுகிற வெள்ளைத் தொப்பி. தொப்பிக்குக் கீழே, நெற்றியில், அம்மா பூசிவிட்ட திருநீறு.

“ஆந்த மிஸ் வந்துட்டாங்க. யாரு யாரு முட்ட போட்டிருக்கீங்களோ எந்திரிச்சு நில்லுங்க, பாத்து எழுதிக்குவாங்க” என்பாள் நிர்மலாதேவி. மருந்தடிக்கிற கோஷ்டியில் இருப்பவள். வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரி.

“நீங்க போட்டா சொல்லுங்கக்கா. ஒங்களுக்கும் ஒரு பொட்டி அடிச்சு நம்பர் போட்டுத் தர்றேன்” என்பாள் ராகினி. வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வருத்தமில்லை. இந்த லயத்தில் பிறந்து, இந்தப் பெரட்டுக் களத்தில் விளையாடி, செர்டாங்குக்குப் போய் விவசாய விஞ்ஞானம் படித்துத் திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான். கேலி செய்கிறார்கள் என்றால் இன்னும் நம் ஆள் என்று நினைக்கிறார்கள் என்பது அவள் கணக்கு.

மெர்லிமாவிலிருந்து சுங்கை ரம்பாய் போகிற பாதையில், கடல் காற்று லேசாக உப்போடு வருகிற இடத்தில் இருக்கிறது தோட்டம். முழுக்கச் செம்பனை. செம்பனைக்கு எலிதான் சத்துரு. குலை பழுப்பதற்குள் ஏறி உட்கார்ந்து கடித்துக் குடைந்துவிடும். முன்பெல்லாம் மரத்துக்கு மரம் விஷக்கட்டி வைப்பார்கள். ராகினி வந்த பிறகு அதை நிறுத்தி, உயரமான கம்பங்களில் மரப்பெட்டி அடித்து ஆந்தைகளைக் குடிவைத்தாள். முப்பத்திரண்டு பெட்டிகள். குஞ்சு பொரித்த ஒரு ஜோடி இருந்தால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எலி தலைகாட்டாது. காட்டையும் உயிர்களையும் கெடுக்காமல் எண்ணெய் எடுக்கும் தோட்டம் என்று ஒரு சான்றிதழ் உண்டு. அது இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் எண்ணெய் வாங்குவான். அந்தச் சான்றிதழுக்காக எடுத்த ஆள்தான் ராகினி. இரண்டு வருஷ ஒப்பந்தம். அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆடிட் வருகிறது. ஆடிட் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஹரிதாஸ் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

வேலை நிரந்தரமானால்தான் வீடும். அப்பா சேகரன் முப்பது வருஷம் குலை வெட்டியவர். போன வருஷம் மரத்தடியிலேயே வாதம் அடித்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் குழறிப்போனது. அம்மா குஞ்சம்மா இருபத்திரண்டு வருஷம் முதுகில் பம்பு தூக்கிப் புல்லுக்கு மருந்தடித்தவள். அறுபது வயது ஆனதும் நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் வீட்டில் இல்லையென்றால் ஒரு மாதத்தில் சாவியை ஆபிஸில் கொடுக்க வேண்டும். இப்போது அந்தச் சாவி ராகினியின் வெள்ளைத் தொப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழாம் நம்பர் பெட்டி அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் கம்பம் தெரியும். அதில் ஆந்தை வந்த நாளிலிருந்தே குஞ்சம்மாவுக்குத் தூக்கம் போனது.

“அந்தப் பொட்டிய எடுத்து அந்தாண்ட வையேன் புள்ள.”

“எந்தாண்ட?”

“எங்கியாச்சும் வையி. எவ்ளோ காடு கெடக்கு. நம்ம வூட்டுக்குப் பின்னாலதான் வெக்கணுமா?”

“இங்கதாம்மா எலி இருக்கு. கோழிக்கூடு இருக்கு, குப்ப இருக்கு. எலி இல்லாத எடத்துல வெச்சா அது எதத் தின்னும்?”

“அது கத்துறப்பல்லாம் ஒங்கப்பாவுக்கு ஒடம்பு தூக்கிப் போடுது.”

“அது கத்தலம்மா. குஞ்சு பசிக்குச் சீறுது.”

“பாம்பாட்டம்ல சீறுது. கோடி வூட்டுக் காளியப்பன் தாத்தா வூட்டு மேல ஒக்காந்து கத்துச்சு. மூணா நாளு தூக்கிட்டாங்க.”

“அவருக்கு எம்பத்தி மூணு வயசும்மா. சக்கரைல காலே போயிருச்சு.”

“ஆந்தைக்கு வயசெல்லாம் தெரியுமா?”

கட்டிலில் சாய்ந்திருந்த சேகரனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்க வாய் மட்டும் போனது. இடது கையைத் தூக்கி, விடு, விடு என்பதுபோல ஆட்டினார்.

ராகினி அம்மாவை உட்கார வைத்துப் பாடம் மாதிரிச் சொன்னாள். எலிதான் அதற்குச் சோறு. முழுசாக விழுங்கும். முடியும் எலும்பும் வயிற்றுக்குள் போனால்தான் செரிக்கும். பிறகு அவற்றை உருண்டையாக்கிக் கக்கிவிடும். கம்பத்தடியில் கிடந்த ஓர் உருண்டையை எடுத்து வந்து பிரித்தும் காட்டினாள். உள்ளே எலியின் மண்டையோடு பல்லோடு இருந்தது. குஞ்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, “மொகத்தப் பாத்தியா? வெட்டி வெச்ச கொய்யாப்பழமாட்டம்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரில் இரண்டு வார வகுப்புக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆடிட்டுக்கு முன்னால் கட்டாயம் போக வேண்டும் என்று ஹரிதாஸ் சார் அவரே பெயர் கொடுத்திருந்தார். ராகினி போனாள். அவள் இல்லாதபோது அப்பாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் கண்டது. நிர்மலாதேவியின் புருஷன்தான் காரில் தூக்கிப் போட்டு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினாள். திங்கட்கிழமை காலை பெரட்டு முடிந்ததும் முதல் வேலையாக ஏழாம் நம்பர் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தாள்.

சாய்க்கும்போதே காலில் ஏதோ மிதிபட்டது. கொட்டாங்குச்சிக் கரி. கறுத்துச் சுருண்ட மிளகாய்கள். கல்லுப்பு. தலைமயிர். குங்குமம் தடவி இரண்டாகப் பிளந்த எலுமிச்சை. மழை பெய்தும் சாம்பல் முழுக்கக் கரைந்திருக்கவில்லை.

மேலே ஏறிப் பார்த்தாள். பெரிய ஆந்தைகள் இரண்டும் செத்துக் கிடந்தன. ஒன்று வாசலிலேயே, றெக்கையை விரித்தபடி. இன்னொன்று உள்ளே மூலையில், குஞ்சுகளின் மேல் கவிழ்ந்து. அதன் அலகோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ராகினி அதைப் பார்த்தாள். பார்த்தும் அது மனசில் ஏறவில்லை. அவள் மனசு முழுக்கக் கீழே கிடந்த மிளகாயில் இருந்தது. மூன்று குஞ்சுகள் உயிரோடிருந்தன. பஞ்சு பஞ்சாக முடி, அதற்குள் பெரிய அலகு. அவளைப் பார்த்ததும் சீறின.

குஞ்சம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“ம்மா, நான் இல்லாதப்ப பின்னால என்னா பண்ணே?”

“என்னா பண்ணேன்? ஒங்கப்பாவுக்குச் சுத்திப் போட்டேன். காய்ச்ச வுட்டு வுட்டு வருதே.”

“எங்க போட்டே?”

கரண்டி நின்றது.

“கேக்குறேன்ல?”

“எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே போட்டாத்தான் போவும்னு நிர்மலா சொன்னா. அதான் பொட்டிக்குக் கீழ கொட்டாங்குச்சிய கொளுத்தி… ஒரு கைப்பிடி மொளகாதான் புள்ள. கமறவே இல்ல தெரியுமா? ஒரு தும்மல் வரல. அவ்ளோ கண்ணு இருந்திருக்கு.”

“ரெண்டு ஆந்தையும் செத்துக் கெடக்கு.”

குஞ்சம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “செத்துப் போச்சா?”

“பொக மேல போயி அடஞ்சிருக்கு. மூச்சு முட்டிச் செத்திருக்கு.”

“வெரட்டத்தானே போட்டேன். சாவணும்னு யாரு நெனச்சா? குஞ்சு வெச்சிருக்கே அது… நானா கொன்னேன்?”

“பின்ன யாரு? ரெண்டு வருஷமா நாயா ஓடி வெச்சதும்மா. பத்து நாள்ல ஆடிட். ஊரே சிரிக்குது ஆந்த மிஸ், ஆந்த மிஸ்னு. நீயுமா? நீதான் கொன்னே.”

அப்பா ஏதோ சொல்ல வந்தார். வெறும் சத்தமாகத்தான் வந்தது. கஞ்சி மோவாயில் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

அன்று பத்து மணிக்கே ராகினி ஆபிஸில் உட்கார்ந்து சம்பவ அறிக்கை அடித்தாள். காரணம் என்கிற கட்டத்தில், லயத்தில் வசிப்பவர் சடங்குக்காக மூட்டிய புகை என்று எழுதினாள். பெயர் என்கிற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. சொந்தக்காரர் என்று மறைத்தாள் என நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அடித்தாள். குஞ்சம்மா க/பெ சேகரன்.

ஹரிதாஸ் சார் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

“குட். சொந்த அம்மான்னுகூடப் பாக்காம ஹானஸ்ட்டா எழுதியிருக்கே. ஆடிட்டருக்கு இப்படித்தான் வேணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷத்தில் தலைமை ஆபிஸுக்கு அனுப்பியும்விட்டார். எந்தக் காகிதத்தையும் மூன்று நாள் மேசையில் போட்டு வைக்கிற மனிதர். அதுவும் அவள் மனசில் ஏறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் மேகி மீ அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய கைலியை விரித்து மூன்று குஞ்சுகளையும் வைத்திருந்தாள் அம்மா. நிர்மலாதேவியின் புருஷனை ஏணியில் ஏற்றி இறக்க வைத்திருக்கிறாள். பக்கத்தில் கம்பிப்பொறி நாலு. லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியவை. கருவாட்டுத் தலையைச் சுட்டு உள்ளே மாட்டியிருந்தாள். ஒன்றில் எலி விழுந்திருந்தது.

குஞ்சம்மா செவ்வாய், வெள்ளியில் முட்டைகூடத் தொடாதவள். மீன் அறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அவள் அந்த எலியை வாளித் தண்ணீரில் முக்கி, பலகையில் வைத்து, தேங்காய் உடைக்கிற கத்தியால் துண்டு போட்டாள். நடுவில் எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து வந்து மறுபடி உட்கார்ந்தாள். அடுப்பு இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து அலகுக்கு முன்னால் நீட்டினாள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய நகங்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. குஞ்சு வெடுக்கென்று பிடுங்கி விழுங்கியது.

“பாரு, முடியோடதான் குடுக்குறேன். நீ சொன்ன மாரி” என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை முழுக்க மழை. புதன்கிழமை ராகினி மற்றப் பெட்டிகளைப் பார்க்கப் போனாள். பதினாலாம் நம்பர் ஓடைக்கு அந்தப் பக்கம். சுற்றிலும் ஒரு மைலுக்கு வீடு கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. ஏணியில் ஏறியதும் நாற்றம் அடித்தது. ஜோடியாகச் செத்துக் கிடந்தன. பத்தொன்பதில் ஒன்று. இருபத்திரண்டில் ஒன்று, அதன் குஞ்சுகளும்.

 அவள், செத்து அதிக நேரம் ஆகாத இருபத்திரண்டாம் நம்பர் ஆந்தையைப் பையில் போட்டுக்கொண்டு உரக் கிட்டங்கிக்குப் பின்னால் போனாள். பேப்பரை விரித்துக் கத்தியால் வயிற்றைக் கீறினாள். உள்ளே ரத்தம். உறையவே உறையாத, தண்ணீராக ஓடுகிற ரத்தம். இதை இரண்டாம் வருஷத்தில் படித்திருக்கிறாள். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. எலிவிஷம் தின்ற எலியைத் தின்கிற பறவைக்கு என்ன ஆகும்? அன்றைக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினாள்.

மருந்துக் கோஷ்டி ஓடைக்கரையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தது. நெத்திலிச் சம்பல் வாசனை. ராகினி நிர்மலாதேவியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் இல்லாதப்ப எலிக்கட்டி வெச்சீங்களா?”

நிர்மலாதேவி சோற்றுக் கையை உதறினாள். “ஏன், ஒனக்குச் சொல்லலயா?”

“வெச்சீங்களா, இல்லயா?”

“நீ கோலாலம்பூர் போன மறுநாளே லாரி வந்து எறக்கிருச்சு. நீலக் கட்டி. மரத்துக்கு ஒண்ணு. ஏழு பேரு, ஆறு நாளு. மிஸ் கேட்டா ஒண்ணும் பேசக்கூடாதுன்னு மேனேஜரே வந்து சொன்னாரு.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா.”

“பண்ணியிருந்தா? மறுநாளு பெரட்டுல என் பேரு இருக்குமாலா? நீ வெள்ளத் தொப்பி, ஒனக்கு ஒண்ணும் ஆவாது. எங்களுக்கு அப்படியா?”

“ஆந்தையெல்லாம் செத்துப் போச்சு.”

“எலிக்கு வெச்சா ஆந்த சாவும்னு எனக்கு எப்படித் தெரியும்? படிச்சது நானா, நீயா?” நிர்மலாதேவி குரலைத் தாழ்த்தினாள். “அது சரி, ஒங்கம்மா பேர எழுதிக் குடுத்துட்டியாமே? ஆபிஸ் கிராணி சொன்னாரு. பெத்தவ மேலயே எழுதுறவ, நாளைக்கு எங்க மேல எழுத மாட்டியா? போ மிஸ். பசியாறிட்டுப் பம்பு தூக்கணும்.”

ராகினி நேராக ஆபிஸுக்குப் போய் எலிக்கட்டியைப் பற்றிக் கேட்டதும், ஹரிதாஸ் சார் கதவைச் சாத்தச் சொன்னார். மறுக்கவில்லை. கத்தவுமில்லை. கத்தியிருந்தால் ராகினிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கடிபட்ட குலை எத்தன பர்சென்ட் ஏறிச்சுன்னு பாத்தியா? மேலேர்ந்து போன் மேல போன். ஒன் ஆந்த குஞ்சு பொரிச்சு, குஞ்சு பெருசாகி, அது எலி புடிக்கிற வரைக்கும் அவன் வெயிட் பண்ணுவானா?”

“ஒரு ஆறு மாசம் குடுத்திருந்தா போதும் சார்.”

“எனக்கு யாரு குடுத்தா ஆறு மாசம்?” ஜன்னல் வழியாகப் பார்த்தார். “எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு. நல்லபடியா முடிச்சுட்டுப் போகணும். அவ்ளோதான்.”

“ரிப்போர்ட்ட மாத்தணும் சார்.”

“மாத்து.” மேசையிலிருந்த பேனாவை அவள் பக்கம் தள்ளினார். “விஷம்னு எழுதினா சர்டிபிகேட் போகும். சர்டிபிகேட் இல்லாத தோட்டத்துக்கு நீ எதுக்கு? யோசிச்சுப் பாரு. இப்ப இருக்குறபடி விட்டா ஒங்கம்மாவுக்கு ஒரு வார்னிங் லெட்டர். வெறும் காகிதம். அவங்க வேலையிலயும் இல்ல, ஒண்ணும் பண்ண முடியாது. ஆடிட்டரும், இது தோட்டத்துத் தப்பு இல்ல, ஜனங்களுக்கு வெவரம் சொல்லணும்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அந்த வெவரம் சொல்ற வேலைக்கும் நீதானே ஆளு?” பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்பா எப்படி இருக்காரு?”

ராகினி பேனாவைத் தொடவில்லை.

வரும் வழியில் மெர்லிமாவ் பாசாருக்குப் போய் ஒரு கோழி வாங்கினாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் லயத்துக்குள் வண்டியைத் திருப்பினாள்.

பின்கட்டில் கூட்டமாக இருந்தது. போன வாரம் வரைக்கும் ஆந்தை என்றால் காறித் துப்பிய பெண்கள், தங்கள் வீட்டுப் பொறியில் விழுந்த எலியைப் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். குஞ்சம்மா செய்தது பாவம், அதைக் குஞ்சம்மா கழுவுகிறாள், நாமும் ஒரு கை கொடுப்போம் என்று அவர்களுக்குள் பேசி முடிவாகியிருந்தது. எல்லாரும் போகிறவரை ராகினி காத்திருந்தாள்.

“ம்மா, கோழி வாங்கிட்டு வந்தேன். இனிமே இதயே நறுக்கிக் குடு. எலி வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்மா. எலியில… சீக்கு இருக்கும்.”

“காட்டுல தாயி கொண்டாந்து குடுக்குற எலிக்குச் சீக்கு இல்லயா? கோழில முடி ஏது, எலும்பு ஏது? அப்பறம் எப்படிக் கக்கும்? நீதானே பிரிச்சுக் காமிச்சே?”

எலியில் விஷம் இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் யார் வைத்தார்கள் என்று அம்மா கேட்பாள். அதையும் சொன்னால், தண்ணீர்க் குழாயடிக்கு அம்மா போய் வருவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். குஞ்சம்மாவுக்கு ஒன்றை மறைத்து வைக்கத் தெரியாது. பிள்ளை பரீட்சையில் தோற்றதைக்கூடத் தோட்டம் முழுக்கச் சொல்லி அழுதுவிட்டு வருகிறவள். அதற்கப்புறம் ஆடிட்டர் காதுக்குப் போக எவ்வளவு நேரம்? கட்டிலில் அப்பா இருமினார். ராகினி கோழியைக் கழுவி வைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து பொறிகளைத் திறந்து எலிகளை விட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. காலையில் எதிர் வீட்டுக்காரி இரண்டு கொண்டுவந்தாள். கோடி வீட்டிலிருந்து மூன்று வந்தன. நடக்கவே தடுமாறிக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த எலிகள். “இப்பல்லாம் எலி பயப்படறதே இல்லலா, கையாலயே புடிக்கலாம்” என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆடிட். வந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. கையில் மண் ஒட்டினாலும் கவலைப்படாமல் ஓடை வரைக்கும் நடந்து பார்த்தார். ஆந்தைச் சம்பவத்தைப் படித்துவிட்டு, அந்த அம்மாவை நான் பார்க்க முடியுமா, திட்டுவதற்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றார்.

குஞ்சம்மா ராகினியின் பட்டமளிப்புக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தை மலாய்தான் வரும். ராகினியே மொழிபெயர்க்கட்டும் என்றார் ஹரிதாஸ் சார்.

“சொல்லு புள்ள. நான்தான் பண்ணேன்னு சொல்லு. எம்மவ ஊர்லயே இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. படிக்காதவ, தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லு. குஞ்சுங்கள நான் பாத்துக்குறேன்னு சொல்லு. அவ வேலைய மட்டும் எடுத்துறாதீங்கன்னு சொல்லு.”

ராகினி சொன்னாள். அம்மா இவ்வளவு பேசியதற்கு மலாயில் இரண்டே வாக்கியம்தான் வந்தது. கடைசி வாக்கியத்தை அவள் மொழிபெயர்க்கவில்லை.

ஆடிட்டர் குஞ்சம்மாவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். பிறகு ராகினியிடம் திரும்பி, இந்த மூன்று மாதத்தில் எலிக்கு ராச்சுன் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். ஹரிதாஸ் சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“தாடா, புவான்” என்றாள் ராகினி. இல்லை.

குஞ்சம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். இருபத்திரண்டு வருஷம் மருந்து டின்னில் மண்டையோட்டுக்குக் கீழே பார்த்த வார்த்தை அது, விஷம் என்று. “ராச்சுன்னு என்னமோ கேட்டாங்களே?”

“நம்ம வீட்ல ராச்சுன் வெச்சிருக்கோமான்னு கேட்டாங்கம்மா. இல்லன்னு சொன்னேன்.”

“ஆமா, நாம எங்க வெச்சிருக்கோம்?” என்றாள் குஞ்சம்மா. ஆடிட்டரைப் பார்த்து அவளும் தலையாட்டினாள். “தாடா, புவான். தாடா.”

வெள்ளிக்கிழமை முதல் குஞ்சு செத்தது. மூக்கில் துளி ரத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் கெட்டி. பஞ்சு உதிர்ந்து றெக்கையில் பழுப்பு இறகு வரத் தொடங்கியிருந்தது. குஞ்சம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு, இரண்டு வேளைக்கு நாலு வேளையாக ஊட்டினாள். அது தின்னத் தின்னத் தலை சாய்ந்தது. புதன்கிழமை மத்தியானம் அவள் மடியிலேயே போனது. பப்பாளி மரத்தடியில் மூன்றையும் பக்கம் பக்கமாகப் புதைத்தாள். மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். எதிரே நின்ற ராகினியிடம், “நான் தொட்டது ஒண்ணுகூடத் தங்கல பாத்தியா?” என்றாள்.

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“பின்ன எப்படி?”

 அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா தண்ணீருக்காக டம்ளரைக் கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. ராகினி தண்ணீர் கொடுக்க உள்ளே போனாள்.

மறு வாரம் கடிதம் வந்தது. தோட்டத்துக்குச் சான்றிதழ் நீட்டிக்கப்பட்டது. ராகினிக்கு வேலை நிரந்தரம். லயத்துச் சனங்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய முதல் பொறுப்பாக எழுதியிருந்தது. அப்பா அந்தக் காகிதத்தை இடது கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

மறுநாள் பெரட்டில் அவள் வண்டி நின்றதும் பேச்சு நின்றது. “மோர்னிங் மேடம்” என்றாள் நிர்மலாதேவி. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் யாரும் அவளை ஆந்த மிஸ் என்று கூப்பிடவில்லை.

ஆனால் அன்று காலை பெரட்டுக்கு முன்னால், நிரந்தரமான பிறகு முதல் நாளாக வேலைக்குக் கிளம்பியபோது, வீட்டில் நடந்தது வேறு. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வழக்கமாகச் செய்வதுபோல ராகினி சாமி படத்துக்கு முன்னால் வந்து கண்ணை மூடி நின்றாள். நெற்றியில் விரல் படவில்லை. கண்ணைத் திறந்தாள். அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். திருநீற்றுத் தட்டு பலகையிலேயே இருந்தது.

“நீயே எடுத்துப் பூசிக்க.”

“ஏம்மா?”

“நல்ல வேல கெடச்சிருக்கு. உசிரெடுத்த கை, ஒன் நெத்தியில படவேணாம்.”

“ம்மா…”

“நேரமாவுது பாரு. பூசிக்கிட்டுப் போ.”

ராகினி மூன்று விரலால் எடுத்துத் தானே பூசிக்கொண்டாள். பழக்கமில்லாததால் ஒரு பக்கம் ஏறிப்போயிற்று.

“கோணலா இருக்கு” என்றாள் குஞ்சம்மா. அவள் கை பாதி தூரம் வந்தது. பிறகு முந்தானைக்குள் போய்விட்டது.